கணினிக் கோப்பின் இயல்பும் அதன் உறைவிடமும்

ஒரு பொருளின் பெயர் வேறு, அப்பொருளைப் பற்றிய குறிப்பு வேறு, அப்பொருளின் உடல் வேறு. நூலகத்தினுட் புகுவோர் இம்மூன்றையும் தனித்தனியே காண்பர். நூலின் முதுகிலே தலைப்புப் பொறிக்கப்பட்டிருக்கும். பட்டியல் அட்டையிலே ஆசிரியர், ஆண்டு, பொருட்பகுப்பு ஆகியன எழுதப்பட்டிருக்கும். ஏடுகளினிடையே நூல் இருக்கும். அட்டை தொலைந்துபோயினும், தலைப்புத் தேய்ந்துபோயினும், நூலை விரித்து வாசித்து அஃது இன்னதென அறிதல் கூடும். வாசிப்போன் மனிதனாதலே அதற்குக் காரணம்.

கணினியின் நிலை அத்தகையதன்று. கணினியிற் சேமிக்கப்படும் யாவும் ஈற்றில் எண்களே. எட்டு இரும இலக்கங்களைக் கொண்ட அலகைப் பைற்று என்பர். 65 என்னும் பெறுமானமுடைய ஒரு பைற்று, உரோம எழுத்தொன்றாகலாம். ஓவியமொன்றின் ஒரு புள்ளியினது ஒளியளவாகலாம். இசையொன்றின் ஒரு கணத்து அசைவாகலாம். எந்திரத்துக்கு இடப்படும் ஏவலாகவும் இருக்கலாம். எண்ணை மாத்திரம் நோக்கி இவற்றுள் யாதென எந்திரம் துணிய மாட்டாது. ஆதலின், "இது இன்ன வகைக் கோப்பு, இன்னாருக்கு உரியது, இன்னவற்றைத் தன்னகத்தே கொண்டது" என்னும் அறிவு எங்கேனும் எழுதி வைக்கப்படல் வேண்டும். அதனை எங்கே எழுதுவது? கோப்பின் பெயரிலா, கோப்பினைப் பற்றிய பதிவேட்டிலா, கோப்பின் உடலிலா? கடந்த அறுபது ஆண்டுகளில் இவ்வினாவுக்கு அறிஞர் கண்ட விடைகளையும், ஒவ்வொரு விடையாலும் விளைந்த நன்மை தீமைகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே இருவேறு போக்குக்களைக் காண்கிறோம். அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே, பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தத்தக்க நேரப்பகிர்வு முறைமையொன்று 1961 ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. அம்முறைமையிலே கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஆறெழுத்துக்கு மேற்படாத பெயர்கள் இரண்டு வழங்கின. முதற்பெயர் கோப்பினைச் சுட்டியது. இரண்டாம் பெயர், அக்கோப்பு எம்மொழியில் எழுதப்பட்ட நிரல், அன்றி எவ்வகைத் தரவு என்பதைச் சுட்டியது. ஈண்டுக் கோப்பின் இயல்பு பெயரிலே வைக்கப்பட்டது என்க.

ஐ.பி.எம். நிறுவனமோ வேறொரு வழியைக் கைக்கொண்டது. அந்நிறுவனம் 1964 ஆம் ஆண்டில் அறிவித்த 360 என்னும் கணினிக் குடும்பத்தின் பணிசெயல் முறைமையிலே, கோப்பு "தரவுத் தொகுதி" எனப்பட்டது. ஒவ்வொரு தரவுத் தொகுதியின் பதிவுகள் சமநீளமுடையனவா அல்லவா, ஒரு பதிவின் நீளம் யாது, எத்தனை பைற்றுக்கள் கொண்ட கட்டங்களாக அவை வட்டில் எழுதப்பட்டன என்பன போன்ற செய்திகள் வட்டின் உள்ளடக்கப் பட்டியலிலே குறிக்கப்பட்டன. ஒரு தொகுதிக்குள் உறுப்புக்கள் பலவற்றை அடக்கும் வசதியும் இருந்தது. ஆயினும் அவ்வடக்கம் ஒரு படியோடு நின்றது. உறுப்புக்குள் உறுப்பு என மேலும் இறங்கிச் செல்ல வழியில்லை. இங்கே கோப்பின் வடிவத்தை முறைமையே அறிந்திருந்தது. அதனால் ஒழுங்கு நிலைபெற்றதாயினும், சிறு கோப்பொன்றை ஆக்குவோனும் அளவுகள் பலவற்றை முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டியவனானான்.

கோப்புக்குள் கோப்பு எல்லையின்றி அடங்கலாம் என்னும் கருத்தைத் தெளிவுற வகுத்தது மல்ரிக்ஸ் என்னும் திட்டமாகும். மேற்கூறிய நிறுவகமும், பெல் ஆய்வுகூடமும், ஜெனரல் எலக்ரிக் நிறுவனமும் இணைந்து அதனை மேற்கொண்டன. றொபேட் டேலி, பீற்றர் நியூமன் என்னும் இருவர் 1965 ஆம் ஆண்டிலே வெளியிட்ட கட்டுரை அதன் கோப்பு முறைமையை விளக்குவது. அதன்படி, அடைவு என்பதும் ஒரு கோப்பே. பிற கோப்புக்களைப் பற்றிய குறிப்புக்களே அதன் உள்ளடக்கம். அடைவுக்குள் அடைவு அமைய, முழுமையும் வேரிலிருந்து கிளைக்கும் மரம்போலாகும். கோப்பின் பண்புகள், அதாவது அது எங்கே உள்ளது, யார் யார் அதனை வாசிக்கவும் எழுதவும் உரிமையுடையார் என்பன, அதனை அடக்கிய அடைவிலே பதியப்பட்டன. கோப்பின் உடலைப் பற்றியோ முறைமை யாதும் அறிய வேண்டியதில்லை என அவர்கள் கொண்டனர். உடலுக்கு வடிவம் கற்பிப்பது அதனைப் பயன்படுத்தும் நிரலின் கடமையாயிற்று.

பெல் ஆய்வுகூடம் 1969 ஆம் ஆண்டில் அத்திட்டத்தினின்றும் விலகிக்கொண்டது. விலகியோருள் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போர் அதே ஆண்டிலே சிறியதொரு கணினியில் ஆக்கத் தொடங்கியதே யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை. மரவடிவை மல்ரிக்சிலிருந்து எடுத்துக்கொண்ட அவர்கள், அதிலே ஒரு நுண்ணிய மாற்றத்தைச் செய்தனர். கோப்பின் பெயரையும் கோப்பின் பண்புகளையும் ஒன்றினின்று ஒன்றாகப் பிரித்தனர். யுனிக்சின் அடைவிலே பெயரும் ஓர் எண்ணும் மாத்திரமே உண்டு. 1970களில் வழங்கிய பதிப்புக்களிலே அடைவின் ஒரு வரி 16 பைற்றுக்களைக் கொண்டது: எண்ணுக்கு 2, பெயருக்கு 14. அவ்வெண், வட்டின் வேறோரிடத்திலுள்ள சுட்டிப் பதிவொன்றைக் காட்டும். உரிமையாளர், அனுமதிகள், பருமன், இறுதியாக மாற்றப்பட்ட காலம், வட்டிலே உடல் கிடக்கும் இடங்கள் ஆகிய யாவும் அப்பதிவிலே உள்ளன. பெயர் மாத்திரம் அங்கே இல்லை. ஆதலின் ஒரே கோப்பு இரண்டு அடைவுகளில் இரு பெயர்களோடு விளங்கலாம். இரண்டும் சமமான பெயர்களே. எத்தனை பெயர்கள் அதனைச் சுட்டுகின்றன என்னும் தொகையைச் சுட்டிப் பதிவு வைத்திருக்கும். தொகை சுழியமாகி, கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் இல்லாதொழிந்தபோது அக்கோப்பு மறையும்.

வகையைக் குறிப்பதிலும் இதே சிக்கனம் காணப்படுகின்றது. 1979 ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்சின் ஏழாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். சுட்டிப் பதிவிலுள்ள 16 இரும இலக்கங்களுள் 4 வகையைக் குறிப்பன. 9 இலக்கங்கள் உரிமையாளன், குழுவினர், ஏனையோர் என்னும் முத்திறத்தாரும் வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று தொழில்களைச் செய்யும் அனுமதியைக் குறிப்பன. எஞ்சிய 3 சிறப்புப் பயன்களுக்கு உரியன. வகைகளோ, சாதாரணக் கோப்பு, அடைவு, கருவியைக் குறிக்கும் சிறப்புக் கோப்பு என மிகச் சிலவே. கடிதமும், கணக்கும், ஓவியமும், நிரலும் முறைமையின் நோக்கிலே "சாதாரணக் கோப்பு" என்னும் ஒரே வகையுள் அடங்கின. முறைமை அவற்றின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நிரலின் வெளியீடு பிறிதொரு நிரலின் உள்ளீடாதல் எளிதாயிற்று. யுனிக்சின் ஆற்றல் பெரும்பாலும் இதிலேயே தங்கியுள்ளது.

ஆயின், இயக்கத்தக்க நிரலையும் வெறும் கடிதத்தையும் முறைமையே வேறுபடுத்தவேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. கடிதத்தை ஏவலாகக் கொண்டு இயக்கினாற் குழப்பமே விளையும். இதற்கு யுனிக்ஸ் கண்ட விடை உடலிலே குறியிடுதலாகும். இயக்கத்தக்க கோப்பின் முதற் சொல்லிலே, எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் 407 என்னும் எண் எழுதப்பட்டது. அவ்வெண் தற்செயலாகத் தெரிந்தெடுக்கப்பட்டதன்று. அக்காலத்து அவர்கள் பயன்படுத்திய பி.டி.பி. 11 என்னும் கணினியிலே அஃது ஓர் ஏவலாகும். "அடுத்துவரும் ஏழு சொற்களைத் தாண்டிச் செல்க" என்பது அதன் பொருள். எட்டுச் சொற்கள் கொண்ட தலைப்பகுதியைத் தாண்டி நிரலின் தொடக்கத்தை அடைவதற்கு அது போதுமானது. ஏவலாகப் பிறந்த எண், நாளடைவில் அடையாளமாக நிலைத்தது. இத்தகைய எண்களை "மந்திர எண்" என வழங்கலாயினர். கோப்புக்களின் தொடக்கத்தை நோக்கி அவற்றின் வகையை ஊகித்துக் கூறும் கருவி நிரலொன்று 1973 ஆம் ஆண்டிலேயே யுனிக்சில் இடம்பெற்றுவிட்டது.

மேசைமேல் வைக்கத்தக்க சிறு கணினிகள் தோன்றியபோது பெயரே மீண்டும் முதலிடம் பெற்றது. கேரி கில்டால் 1974 ஆம் ஆண்டளவில் ஆக்கிய சி.பி.எம். என்னும் முறைமையிலே கோப்பின் பெயர் எட்டெழுத்தும், வகையைக் குறிக்கும் நீட்சி மூன்றெழுத்துமாக அமைந்தன. 1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். தனியாட் கணினியோடு வெளிவந்த டொஸ் அம்மரபையே பின்பற்றியது. 1983 ஆம் ஆண்டில் வந்த அதன் இரண்டாம் பதிப்பு அடைவுக்குள் அடைவு அமைக்கும் வசதியை அளித்தது. அதன் அடைவு வரி 32 பைற்றுக்களைக் கொண்டது. அதிலே ஒரேயொரு பைற்றுப் பண்புகளுக்கென ஒதுக்கப்பட்டது: வாசிப்புக்கு மட்டும், மறைவு, முறைமைக்குரியது, வட்டின் பெயர், உள்ளடைவு, காப்புப்பிரதி எடுக்கவேண்டியது என ஆறு பண்புகள் அதில் அடங்கின. பெயருக்கும் நீட்சிக்கும் இடையே திரையில் தோன்றும் புள்ளி வட்டிலே எழுதப்படுவதில்லை.

இடுக்கமான இவ்வமைப்புப் பின்வந்தோரை எத்துணைச் சூழ்ச்சிக்கு உள்ளாக்கியது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1995 ஆம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பிலே நீண்ட பெயர்களை அனுமதிக்க விரும்பிய மைக்குரோசொவ்ற் நிறுவனத்தார், அவற்றைக் கூடுதலான அடைவு வரிகளில் எழுதினர். பழைய நிரல்கள் அவ்வரிகளைக் கண்டு மயங்காதிருக்கும் பொருட்டு, வாசிப்புக்கு மட்டும், மறைவு, முறைமைக்குரியது, வட்டின் பெயர் என்னும் நான்கு பண்புகளையும் அவற்றுக்கு ஒருங்கே சூட்டினர். உண்மையான கோப்பு எதற்கும் பொருந்தாத சேர்க்கையாதலின் பழைய நிரல்கள் அவற்றைப் பாராதுவிட்டன. பண்பு என்பது பொருளின் தன்மையை உரைக்க எழுந்தது. ஈண்டு அதுவே வேடமாயிற்று.

இதற்கு நேர்மாறான வழியிற் சென்றது அப்பிள் நிறுவனம். 1984 ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த மக்கின்ரோஷ் கணினியிலே, கோப்பின் வகையைப் பெயரினின்றும் முற்றாக நீக்கிப் பதிவேட்டிலே வைத்தனர். நான்கெழுத்துக் குறியீடுகள் இரண்டு ஒவ்வொரு கோப்புக்கும் உண்டு; ஒன்று வகையையும் மற்றையது ஆக்கிய நிரலையும் கூறும். பயன்படுத்துவோன் தான் விரும்பியவாறு பெயரிடலாம். பெயரை மாற்றுவதனால் வகை மாறாது. மேலும், கோப்பின் உடலும் இரு கிளைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கிளையிலே தரவும், மற்றைய கிளையிலே படக்குறிகள், எழுத்துரு முதலிய துணைப்பொருள்களும் இடம்பெற்றன.

நோக்கத்தால் இவ்வமைப்புச் சிறந்ததே. ஆனாற் கோப்புக்கள் ஒரே வீட்டில் வாழ்ந்திருப்பனவல்ல. மக்கின்ரோஷ் கோப்பொன்று டொஸ் வட்டுக்கோ, யுனிக்ஸ் கணினிக்கோ படியெடுக்கப்பட்டபோது, தரவுக்கிளை மாத்திரமே சென்று சேர்ந்தது. வகைக் குறியீட்டுக்கும் துணைக்கிளைக்கும் அங்கே இடமில்லை. அவை ஓசையின்றி உதிர்ந்தன. இவ்விழப்பைத் தடுப்பதற்கு, இரு கிளைகளையும் குறியீடுகளையும் ஒரே பைற்று வரிசையாகக் கட்டும் முறைகளை ஆக்கவேண்டியதாயிற்று. 2001 ஆம் ஆண்டில் யுனிக்ஸ் மரபைத் தழுவி வெளிவந்த அப்பிளின் புதிய முறைமை, பெயர் நீட்சிக்கு இடமளித்தது. ஆக்கிய நிரலின் குறியீட்டை 2009 ஆம் ஆண்டின் பதிப்புக் கருத்திற் கொள்ளாது விட்டது. சிறந்த ஏற்பாடு பரந்த வழக்குக்கு முன் தோற்ற வரலாறு இது.

விண்டோசின் என்.டி. முறைமைக்கென 1993 ஆம் ஆண்டில் வந்த கோப்பு முறைமையும் இத்தகைய வளத்தை உடையது. அதிலே பெயரும், காலக்குறிப்பும், அனுமதியும், தரவும் ஆகிய யாவும் கோப்பின் பண்புகளாகவே கொள்ளப்பட்டன; ஒரு கோப்புக்குத் தரவோடைகள் பல இருக்கலாம். மக்கின்ரோஷ் கோப்புக்களின் இரு கிளைகளுக்கும் இடமளிப்பது இதன் பயன்களுள் ஒன்று. இணையத்தினின்றும் இறக்கப்பட்ட கோப்புக்கு "அயலிடத்திலிருந்து வந்தது" என்னும் அடையாளத்தை 2004 ஆம் ஆண்டு தொடக்கம் விண்டோஸ் இவ்வோடையொன்றிலேயே எழுதுகின்றது. அக்கோப்பைப் பழைய டொஸ் அமைப்பிலுள்ள சிறு நினைவகத்துக்குப் படியெடுத்தால், அவ்வெச்சரிக்கை உடன்செல்வதில்லை.

பதிவேட்டில் வைத்த அறிவு வழியில் உதிரும் என்றால், பெயரில் வைத்த அறிவு ஏமாற்றும். 2000 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆந் திகதி பிலிப்பைன்சிலிருந்து பரவிய தீங்கு நிரல் இதற்குத் தக்க சான்றாகும். மின்னஞ்சலோடு வந்த அக்கோப்பின் பெயர் காதற் கடிதம் எனக் காட்டிற்று. பெயரின் ஈற்றிலே, எழுத்துக் கோப்பைக் குறிக்கும் நீட்சி முதலிலும், நிரலைக் குறிக்கும் நீட்சி அதன்பின்னும் இருந்தன. தான் அறிந்த நீட்சிகளைக் கண்ணுக்குக் காட்டாது மறைத்தல் விண்டோசின் இயல்பான ஏற்பாடு. அதனால் மெய்யான நீட்சி மறைய, பொய்யான நீட்சி மாத்திரமே தோன்றியது. கடிதமென எண்ணித் திறந்தோர் நிரலை இயக்கினர். அது ஓவியக் கோப்புக்களின் மேல் தன்னையே எழுதி அவற்றை அழித்தது. இசைக் கோப்புக்களுக்கு மறைவுப் பண்பைச் சூட்டி அவற்றை ஒளித்தது. பல நாடுகளின் அலுவலகங்கள் மின்னஞ்சற் சேவையை நிறுத்திவைக்க நேர்ந்தது. மனிதன் காணும் வகை ஒன்றும் எந்திரம் கொள்ளும் வகை வேறொன்றுமாதல் எத்துணைக் கேடு பயக்கும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

எஞ்சியது உடல். உடலிலே பொறித்த குறி, கோப்புச் செல்லுமிடமெல்லாம் உடன்செல்லும். 1996 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட பி.என்.ஜி. என்னும் ஓவிய வடிவம் இதனை நன்கு உணர்ந்து அமைக்கப்பட்டது. அதன் முதல் எட்டுப் பைற்றுக்கள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்பன. இடையிலுள்ள மூன்றும் வடிவத்தின் பெயர். முதலாவது 127 இலும் பெரிது; ஏழு இலக்கங்களையே கடத்தும் வழியிற் சென்றால் அது சிதைந்து, சேதத்தைக் காட்டிக்கொடுக்கும். 13, 10 என்பன வரியின் முடிவைக் குறிப்பன. வரி முடிவுகளை மாற்றும் நிரலொன்று கைவைத்திருந்தால் அதுவும் வெளிப்படும். ஆகவே இக்குறி வகையை உரைப்பதோடு, வழியில் நேர்ந்த ஊறுகளையும் உரைக்கின்றது.

உள்ளடக்கத்தைப் பற்றிய வினாவும் உடலுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. பில் காற்ஸ் 1989 ஆம் ஆண்டிலே வெளியிட்ட சிப் என்னும் பொதிவடிவம் கோப்புக்கள் பலவற்றைச் சுருக்கி ஒரே கோப்பாக அடக்குவது. கோப்பு முறைமையின் நோக்கிலே அது மரத்தின் ஓர் இலை. திறக்கும் நிரலின் நோக்கிலே அதுவே முழு மரம். அதன் அடைவு பொதியின் ஈற்றிலே எழுதப்படும். பொதிக்குள் பொதி எனப் பன்முறை அடக்கலாமாதலின், இதிலும் அபாயம் உண்டு. ஐந்து அடுக்குக்களாகப் பொதிந்த ஏறக்குறைய 42 ஆயிரம் பைற்றுக் கோப்பொன்று, முற்றாக விரிக்கப்படின் 4.5 பெற்றாபைற்று, அதாவது 4,500 இலட்சங்கோடி பைற்று என்னும் அளவுக்குப் பெருகும். 2006 ஆம் ஆண்டில் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவம் இப்பொதியையே உடலாகக் கொண்டது. அதன் முதல் உறுப்பாக, ஆவணத்தின் வகையைக் கூறும் சிறு கோப்பொன்று சுருக்கப்படாமல் வைக்கப்படல் வேண்டும் என்பது விதந்துரை. பொதியை அவிழாமலே அதன் தொடக்கத்தை நோக்கி வகையை அறிதற்கு இஃது உதவும்.

இவ்வாராய்ச்சி தமிழர்க்குப் புறம்பானதன்று. யுனிக்கோட் எங்கும் பரவுவதற்கு முன்னர், இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி என்னும் எழுத்துரு பெருவழக்காயிருந்தது. அதிலே "அம்மா" எனத் தட்டச்சிட்டால், கோப்பில் எழுதப்படுவன எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் எண்களே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. வெற்று எழுத்துக் கோப்பிலே எழுத்துருவின் பெயரை எழுத இடமில்லை. நீட்சியோ "எழுத்து" என்பதற்கு மேல் யாதும் கூறாது. எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறப்போர் பொருளற்ற ஆங்கிலக் குறிகளையே காண்பர். வேறு எழுத்துருக்கள் வேறு ஒழுங்குகளைக் கொண்டிருந்தன. இக்குழப்பத்தைத் தீர்க்கும் நோக்குடன் 1999 ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாடு குறியீட்டுத் தரங்களைப் பரிந்துரைத்தது. ஆயினும் முன்னர் எழுதப்பட்ட கோப்பு, தான் எந்த ஒழுங்கில் எழுதப்பட்டது என்பதைத் தானே கூறமாட்டாது. பைற்று ஒன்றும் கெடாதிருக்கவும், நூல் கெட்டுப்போகும் விந்தை இது.

1991 ஆம் ஆண்டில் வெளியான யுனிக்கோட் தரத்தின் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் அளிக்கப்பட்டது. அதனைப் பைற்றுக்களாக எழுதும் யூ.டி.எவ். 8 என்னும் முறையை 1992 ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே வகுத்தவர், யுனிக்சை ஆக்கிய அதே கென் தொம்சன், உடன் நின்றவர் றொப் பைக். அம்முறையிலே தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுக்களைக் கொள்ளும். முதற் பைற்று "எனக்குப்பின் இருவர் உளர்" என்பதைத் தன் வடிவாலேயே காட்டும். பின்வரும் இரண்டும் "நாம் தொடர்ச்சி" என்பதைத் தம் வடிவாற் காட்டும். வேறு குறியீட்டில் எழுதிய தமிழ் தற்செயலாக இவ்வொழுங்கில் அமைதல் அரிது. ஆதலின் தலையில் மந்திர எண் இன்றியும், பெயரின் துணையின்றியும், பதிவேட்டின் சான்றின்றியும், எழுத்து வரிசை தானே தன் இயல்பை உணர்த்துகின்றது. கோப்பின் உள்ளே முறைமை எட்டிப் பார்த்தல் வேண்டாம் எனத் துணிந்தவரே, உள்ளே பார்ப்போர்க்கு ஐயமின்றி விளங்கும் எழுத்தையும் வகுத்தார்.

மூன்று உறைவிடங்களையும் ஒப்புநோக்கின் ஒன்று புலனாகும். பெயர் எளிது, எங்கும் செல்லும், ஆயின் எவரும் மாற்றலாம். பதிவேடு செப்பமானது, காவலுக்கு உரியது, ஆயின் வீட்டெல்லையைத் தாண்டாது. உடலிலுள்ள குறி பயணத்துக்குத் தாங்கும். ஆயினும் உரிமையாளன் யார், வாசிக்கத்தக்கார் யார் என்பனவற்றை அதனிடம் ஒப்படைத்தல் தகாது. எனவே காவலுக்குரியவற்றைப் பதிவேட்டிலும், கோப்பு தன்னைத்தான் உணர்த்துவதற்கு வேண்டியவற்றை உடலிலும் வைத்தலே முறை. நம்மவரின் பழைய மலர்களையும், கையெழுத்துப் பிரதிகளையும், ஊர்ப் பதிவுகளையும் எண்ணிம வடிவிற் சேமிக்க முயலும் மாணவர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். யுனிக்கோட்டில் எழுதுதலும், வெளிப்படையான வரையறையுடைய வடிவங்களைத் தெரிதலும், நூலின் பெயர், ஆண்டு முதலிய விவரங்களைக் கோப்பின் உள்ளேயே எழுதுதலும் சிறு செயல்களே. இன்று அக்கோப்பை ஆக்கும் கணினி நாளை இராது. கோப்பு வேறொரு கணினியை அடையும்போது, அதனோடு வந்து சேர்வது அதனுள் எழுதியது மாத்திரமே.